மூன்று மணி விலக்கு

...விலக்கு கேட்கும் படிவத்தில் யாருக்கு, எப்போது, எதற்காக என்று மூன்றே கட்டம், இதை நிரப்ப ஒரு மனுஷனுக்கு அரை நாளா என்று தன்னையே திட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் நெட்வொர்க் அதிகாரி. நாளையிலிருந்து நிர்வாகம் சாதாரண வாக்கியமாக விதி எழுதிக் கொடுத்தால் போதும், விற்பனைப் பிரிவுக்கு வீடியோ உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது, அவ்வளவுதான், நாலு மாடிக் கருவிகளையும் மென்பொருளே அதற்கேற்ப மாற்றிவிடும், இவர் கை வைக்கவே வேண்டாம், நல்லதுதானே, பதினாறு வருஷமாக இந்தக் கை பட்ட பாடு கொஞ்சமா... ஆனால் விதியில் இல்லாதது அடைபடும். அப்படி இல்லாதது ஒன்றே ஒன்றுதான், வரவேற்பு மேசைக்காரியின் வீடியோ அழைப்பு. மூன்று மணிக்கு அவளுக்குப் பத்து நிமிஷ இடைவேளை, அந்நேரம் வீட்டிலிருந்து மகன் கூப்பிடுவான், காது கேளாத பிள்ளை, பேச்செல்லாம் கையால்தான், கைபேசியையோ வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், அலுவலகத் திரையை விட்டால் அவளுக்கு ஏது வழி? நாலு வருஷமாக இரண்டு ஐம்பத்தைந்துக்கு இவரே அவள் திரைக்கு வீடியோவைத் திறந்துவிட்டு மூன்றேகாலுக்கு மூடுகிறார், காய்ச்சலில் படுத்தபோதுகூட வீட்டிலிருந்தே திறந்துவிட்டார். இப்போது காரணம் எழுதினால் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும், சொந்த விஷயமா, முடியாது என்று ஒரு கோடு கிழித்துவிட்டால்?

கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். இரண்டு நிமிஷத்தில் ஒப்புதல் வந்துவிட்டது, இதைக் கேட்க இத்தனை நாளா என்று மேலாளரின் ஒரு வரியோடு. அட, இவ்வளவுதானா... சந்தோஷமாகப் படியிறங்கிப் போய்ச் சொன்னார்.

"அப்ப இனிமே தானாவே திறந்துக்குமா சார்?"

"ஆமாம்மா, நான் இல்லாட்டியும்."

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "தப்பா நினைக்காதீங்க சார். ரெண்டரை ஆனாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், இன்னைக்கு நீங்க மறந்துட்டா என்ன பண்றதுன்னு. உங்களப் பாத்தா மறக்காம சிரிக்கணுமேன்னு வேற..."

பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். ஒரு நாளாவது மறந்திருப்பேனா, என்ன பேச்சு இது, என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பாதிப் படியில் கால் நின்றது. பழைய முறையிலேயே கருவியில் ஒரு வரி கட்டளை எழுதிப் போட்டிருந்தால் தினமும் தானாகவே திறந்திருக்குமே, அது முதல் நாளே தெரியுமே தனக்கு... மறந்துவிட்டாரா எழுத? இல்லை, மறக்கவில்லை, மூன்று மணிக்கு முன்னால் அந்த மேசைப் பக்கமாக ஒரு நடை நடந்துவிட்டு வருவார், அவள் எழுந்து நிற்பாள், இவர் உட்காரும்மா என்பார், அதையும் ஒரு நாளும் சீக்கிரம் சொன்னதில்லை.