இந்த நாவலில் ஆடு இல்லை

1

“புத்தகத்துல ஆடே இல்லக்கா.”

“இருக்கு சபீனா. பதினாறு பக்கம் இருக்கு. நான் கண்ணால படிச்சேன்.”

“நானும் கண்ணாலதாங்க்கா படிச்சேன். ஒரு குட்டிகூட இல்ல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் இதுதான். எதிர் வீட்டில் குரல் உயர்ந்தது. நான் என் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன். கொத்தமல்லி ஆய்வதற்கு வாசலில்தான் வெளிச்சம் நன்றாக விழும். (சமையலறையிலும் விழும். கதை என்னுடையது, வெளிச்சம் எனக்கு வேண்டிய இடத்தில் விழட்டும்.)

2

வேறு மாதிரித் தொடங்கிப் பார்த்தேன். ‘குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அன்று லேசாகத் தூறிக்கொண்டி—’ வேண்டாம். தூறலைப் பார்த்தால் வாசகர் வட்டத்துக்காரர்கள் ‘படிமம்’ என்று எழுந்து நிற்பார்கள். ‘லலிதாவுக்கு இந்த வயதிலும்—’ இதுவும் வேண்டாம். எதிர் வீட்டுக்காரி வயதை எழுதினால் எனக்கு உறைமோர் நின்றுபோகும்.

ஆகவே நேராகச் சொல்கிறேன். லலிதா, காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் திருநாவுக்கரசுவின் மனைவி. மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டுக் கூடத்தில் தமிழ் வாசகர் வட்டம் கூடும். பேசுகிறவர் இருவர். நிறுவனர் சௌந்தரராஜன், பணி ஓய்வு பெற்றும் பேச்சு ஓய்வு பெறாதவர். அடுத்தவர் கிருஷ்ணகுமார், ஐ.டி.க்காரர், கை கழுவித் துடைத்த பிறகே புத்தகத்தைத் தொடுவார், தொட்டதும் செல்போனில் படம் எடுப்பார், பல நேரம் அத்தோடு வைத்துவிடுவார். லலிதாவின் வேலை பஜ்ஜி போடுவது. எல்லாப் புத்தகத்தையும் கடைசிப் பக்கம்வரை படித்தவர் என்பதால் பஜ்ஜி போட்டுக்கொண்டே கேட்பது.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹைதராபாத்தில் தமிழ்ப் புத்தகம் எளிதில் கிடைக்காது. சென்னைக்குப் போகிறவர் ஒரு பிரதி வாங்கி வருவார். அது அட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சுற்றும். எல்லாரும் முடிக்கும்வரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.*

* வினையே இந்த விதியால்தான் வந்தது. யாராவது ஒருத்தர் என்னைப்போல் இருந்திருந்தால் அன்று சாயங்காலமே விஷயம் வெளியே வந்திருக்கும்.

3

நாவல் ஒரு பாகப்பிரிவினைக் கதை. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாலு பேர் தேடி வாங்குவார்கள், ஆசிரியருக்கு அது தேவையில்லை. அண்ணன் தம்பிகள் வீட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். திடீரென்று வீடு இல்லை, அண்ணன் இல்லை. தண்ணீர் வற்றிய ஆற்றில் ஒரு வியாபாரி காணாமல்போன ஆடுகளைத் தேடுகிறான். பதினாறு பக்கம் தேடுகிறான். அடுத்த பக்கத்தில் தம்பி மறுபடி தயிர்சாதம் பிசைகிறான்.

படித்த அன்றே லலிதா கணவரிடம் கேட்டார்: “என்னங்க, பக்கம் மாறிப்போச்சு போல இருக்கே?”

“கடையில குடுத்து மாத்திக்க வேண்டியதுதான,” என்றார் திருநாவுக்கரசு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் புத்தகம் படிக்காதவர். அதனால் அந்த யோசனை எடுபடவில்லை.

வட்டம் கூடியதும் சௌந்தரராஜன் தொண்டையைச் செருமினார். “அந்த ஆடுங்க யாரு? அந்த அண்ணன் தம்பிங்கதான்.” கிருஷ்ணகுமார், “நான்-லீனியர் சார். பிரிச்சுட்டாரு,” என்றார். (உண்மை. பிரித்துத்தான் தைத்திருந்தார்கள்.) அப்போது, இத்தனை வருஷமாக பஜ்ஜித் தட்டோடு நின்ற லலிதா வாயைத் திறந்தார்.

“இருட்டுல ஒவ்வொரு ஆட்டையா பேர் சொல்லிக் கூப்பிடுறான் சார். ஒண்ணும் குரல் குடுக்கல. நாமளும் வீட்டுல கூப்பிடுறோம், யாரு ஏன்னு கேக்குறாங்க? அந்த இடத்துல புத்தகத்த மூடிட்டேன்.”

“இத எழுதுங்கம்மா,” என்றார் சௌந்தரராஜன்.

எழுதினார். வட்டத்தின் வாட்ஸாப்பில் அதைக் கொண்டாடினார்கள். ஆசிரியரே வரும் ஞாயிறு ஹைதராபாத் வருகிறார். மேடையில் அவர் முன்னால் லலிதா கட்டுரை வாசிப்பதாக ஏற்பாடு. முதல் மேடை. புடவைகூட வாங்கிவிட்டார்.

அந்தக் கட்டுரையைப் படித்து ஆசைப்பட்டுத்தான், வட்டத்துக்குப் புதிதாக வந்த சபீனா தனக்கென்று ஒரு பிரதி வரவழைத்தாள். திருநெல்வேலிப் பெண், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற உத்தியோகம். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

4

பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். பைண்டிங்கில் வேறொரு நாவலின் ஃபாரம் இதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பக்க எண் வரிசை பிசகவில்லை; பக்கத்தின் தலையில் புத்தகப் பெயர் போடுகிற பழக்கம் அந்தப் பதிப்பகத்துக்கு இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

“யாருகிட்டயும் சொல்லிடாத,” என்றார் லலிதா.

“நான் எதுக்குக்கா சொல்லுதேன்? ஆனா எழுதுனவருக்குத் தெரியும்லா, அவரு ஆடு எழுதலன்னு.”

இந்தச் சபீனா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அக்காவைக் காப்பாற்ற வந்தாளா, பிழை கண்டுபிடித்த சந்தோஷத்தில் வந்தாளா? இரண்டுமாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அதே சுரிதார், அதே அவசரம். விட்டுவிட்டேன்.

அவள் பதிப்பகத்துக்கும் போன் போட்டாள். அது எந்த நாவலின் பக்கம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பழைய பிரதியை அனுப்பினால் புதியது தருவார்களாம்.

“நக்கோ,” என்றார் லலிதா. (இந்த ஊர் உருதுவில் ‘வேண்டாம்’.)

5

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போட்டு வைத்த முடிவுகள்:

லலிதாவுக்குக் காய்ச்சல். (மேடைக்குப் பயந்தவர்கள் எல்லாருக்கும் வருவது. சலிப்பு.)

ஆட்டைக் கழித்துவிட்டு மீதியை வாசிக்கிறார். (கழித்துப் பார்த்தேன். ‘அவையோர்க்கு வணக்கம்’ மிஞ்சியது.)

முழுதாக வாசிக்கிறார், ஆசிரியர் கண் கலங்கி, ‘அந்த ஆட்டு வியாபாரியை நீங்கள் ஒருவர்தான் புரிந்துகொண்டீர்கள்’ என்கிறார். (என் மனசுக்குப் பிடித்தது. நாலைந்து எழுத்தாளர்களைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.)

6

நடந்தது வேறு. கடைசி வரிசையில் நானும் இருந்தேன். டிபன் உண்டு என்றார்கள்.

மேடையேறுமுன் லலிதா தானே போய் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டார். “எனக்கு அப்பவே தெரியும்மா. யாராவது கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்,” என்றார் சௌந்தரராஜன். கிருஷ்ணகுமார் செல்போனை எடுத்து, ஆட்டைப் புகழ்ந்து வாட்ஸாப்பில் போட்டிருந்த தன் பழைய பதிவை அழித்தார்.

மேடையில் ஏறிய லலிதா கட்டுரையைப் பிரிக்கவே இல்லை.

“உங்க நாவல பத்தி எழுதி எடுத்துட்டு வந்தேன் சார். அதுல எனக்குப் பிடிச்ச பக்கமெல்லாம் உங்களுது இல்லையாம், பைண்டிங்ல மாறி வந்துடுச்சாம். மத்தது... மத்ததும் படிச்சேன்.” பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தார். “அந்த ஆளுக்கு ஆடு கிடைச்சுதான்னு இங்க யாருக்காவது தெரியுமா?”

ஒருவர் சிரித்தார், சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாததால் இருமலாக்கிக்கொண்டார். ஆசிரியர் கை நீட்டி அந்தப் பிரதியை வாங்கி அந்த இடத்தைத் திறந்தார். அடுத்துப் பேசியவர் அவரைப் பத்து நிமிடம் புகழ்ந்தார்; ஆசிரியர் தலை நிமிரவில்லை. பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும், “இத நான் எடுத்துட்டுப் போறேம்மா. நல்ல பிரதியா அனுப்பச் சொல்றேன்,” என்றார்.

“நக்கோ சார்,” என்றார் லலிதா. “உங்க பக்கத்த வேணும்னா பிரிச்சுத் தரேன், எடுத்துட்டுப் போங்க. இது என்கிட்டயே இருக்கட்டும்.”

இட்லி ஆறிப்போயிருந்தது. நான் கவனிக்கவில்லை.

7

கதையின் முடிவு என்னிடம் இல்லை. அது எங்கோ ஒரு வீட்டு அலமாரியில், வேறொரு நாவலில் இருக்கிறது. உங்கள் வீட்டிலுள்ள ஏதாவது புத்தகத்தில், ஆடு தேடுகிறவன் நடுவே திடீரென்று அண்ணன் தம்பி வீட்டுக்கு அடித்துக்கொண்டால், அதை உத்தி என்று பாராட்டாதீர்கள். மீதியைப் படியுங்கள். அவனுக்கு ஆடு கிடைத்ததா, அல்லது—

வட்டம் கலைந்தது. சௌந்தரராஜன் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய் அங்கே ஒன்று தொடங்கிவிட்டார். கிருஷ்ணகுமாருக்குக் கல்யாணம் ஆனது. பெண் அவருடைய புத்தகங்களின்மேல் டம்ளர் வைக்கிறாளாம், இருந்தும் குடித்தனம் நடக்கிறதாம். சபீனா மாப்பிள்ளையோடு பெங்களூர். திருநாவுக்கரசு ஓய்வு பெற்றதும் லலிதா லோத்குண்டாவில் மகன் வீட்டோடு போய்விட்டார். புது விலாசம் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் அந்தப் புத்தகம் அகப்பட்டால் எனக்கு அனுப்புங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன். முதலில் நான் படித்துவிட்டு.