திரும்பும்போது யார் ஓட்டுவது?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் தோழி அஃப்ரின் வீட்டில் கார் வாங்குகிறார்கள். ஏறுவதற்கே படி வைத்த, சொகுசான ஃபோர் வீல் டிரைவ். திருச்சி ஷோரூமிலிருந்து பெரம்பலூருக்கு வண்டியைக் கொண்டு வருகிறார்கள், ஓட்டிப் பார்க்கலாம், நீயும் வா வெற்றி என்றாள். போனேன். அந்த சீட்டில் உட்கார்ந்ததுமே எழுதக் கை அரித்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அதனால் பத்திரிகைக்காரர்கள் என்னிடம் பருத்திக்காட்டைத்தான் கேட்கிறார்கள். களை வெட்டிய கையைப் பற்றி எழுதும்மா என்கிறார்கள். ஏன், நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை வரக் கூடாதா?

2

முதல் தொடக்கம்: "வெள்ளாற்றங்கரையில், லப்பைக்குடிக்காட்டின் மாலை வெயிலில், முத்துப் போல ஒரு கார்—" (வேண்டாம். அஃப்ரினின் ஊர் அதுதான், ஆனால் கார் கறுப்பு. முத்தாவது மண்ணாங்கட்டியாவது.)

இரண்டாவது தொடக்கம்: "அப்துல் மஜீது சவூதியில் ஒரு முதலாளி வீட்டு டிரைவர். அங்கே அவர் ஓட்டியது இதே வண்டி. ஒரு நாளும் அது அவருடையதாக இருந்ததில்லை."

இது இருக்கட்டும். அவர் அஃப்ரினின் அப்பா; அவளுக்கு அத்தா, நான் மாமா என்று கூப்பிடுவேன். இப்போது ஊரோடு வந்துவிட்டார். அதே வண்டியை அவருக்கு வாங்கிக் கொடுத்தே தீருவேன் என்பது மகன் சஃப்வானின் பிடிவாதம்.

[பணம் ஏது என்று கேட்பீர்கள். சஃப்வானுக்குத் துபாயில் கடைகள். போதுமா? பெரிய வீட்டுப் பிள்ளை கதையில் கார் வாங்கினால் இதை யாரும் கேட்பதில்லை.]

அஃப்ரினுக்கு வேண்டியது வேறு. அவள் அரியலூரில் பல் டாக்டர். தினமும் பஸ் மாறிப் போகிறாள். இந்த வண்டியைத் தானே ஓட்டிப் போக வேண்டும் அவளுக்கு. மாமாவோ, "நான் இருக்கேன்ல, நானே கொண்டுபோயி வுடுறேன்" என்கிறார். சந்தோஷமாகச் சொல்கிறார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"அங்க அத்தன வருசம் டிரைவரா இருந்தாரு. இங்க வந்து எனக்கும் டிரைவராடி?"

3

வண்டி கொண்டு வந்தவர் முத்தமிழ்செல்வன். கியருக்குப் பக்கத்தில் இருந்த திருகு குமிழைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"மணல், சேறு, பாறைன்னு தனித்தனியா வச்சிக்கலாம் சார்" என்றார், மாமாவைப் பார்த்து.

"கேட்டது நானு."

மாமா சிரித்தார். "அதுக்கிட்டயே சொல்லுங்க தம்பி. இல்லாட்டி உங்கள கதையில எழுதிப்புடும்."

(எழுதிவிட்டேன்.)

ஒரு சக்கரம் வழுக்கினால், அதற்குப் போகும் விசையை எடுத்துப் பிடிமானம் உள்ள சக்கரத்துக்குக் கொடுத்துவிடுமாம். மனிதர்களிடத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்திருந்தால்— (உபதேசம். நிறுத்திக்கொள்கிறேன்.)

போகும்போது மாமா ஓட்டினார். சிமெண்ட் லாரிகளின் இரைச்சல் உள்ளே வரவே இல்லை. அரியலூரில் இறங்கி டீ குடித்தோம். முத்தமிழ்செல்வன் சாவியை அஃப்ரினிடம் நீட்டினார்.

"ரிட்டன் மேடம் ஓட்டட்டுமே."

"லைசென்சு இருக்கு தம்பி. பழக்கம் இல்ல" என்றார் மாமா.

"பழகுனாத்தானே அத்தா பழக்கம்? நூராவுக்கு மட்டும் பொறக்கும்போதே பழக்கமா?"

நூரா அந்த முதலாளியின் மகள். அங்கே பெண்களும் ஓட்டலாம் என்று சட்டம் மாறியதும், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாமாதான்.

மாமா கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பும்போதும் அவரே ஓட்டினார். பெரம்பலூர் வரும்வரை அஃப்ரின் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

4

இந்த இடத்தில், "ஜமாத்தில் நாலு பேர் பேசுவார்களே என்று அவர் பயந்தார்" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அஃப்ரின் போனில் கிழித்தாள்.

"அத்தா அப்படி என்னைக்குடி சொன்னாரு? பாய் வூடுன்னா ஒனக்கு ஒடனே ஜமாத்துதான் வருமா? ஒங்கிட்ட பருத்திக்காடு கேக்குறவனுக்கும் ஒனக்கும் என்ன வித்தியாசம்?"

சுருக்கென்றது. வரியை அடித்துவிட்டு மாமாவிடமே கேட்டேன்.

"நூரா ஓட்டுறப்ப பக்கத்துல எங்காலு சும்மா கீழ மிதிச்சுக்கிட்டே கெடக்கும்மா, அங்க பிரேக் இருக்குற மாரி. வண்டிக்கு ஒன்னும் ஆயிடக் கூடாதேன்னு பயம். மொதலாளி வண்டி. அந்தப் புள்ளைக்கு என்னாகும்னு நான் நெனச்சதே இல்ல, அல்லா மன்னிக்கணும். அஃப்ரின் ஓட்டுனா எனக்கு வண்டி நெனப்பா வரும்?"

இதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எரிச்சல். கோபம் வராமல் எனக்கு எழுத வராது.

5

முடிவு அ: மழை. கரிசல் சேற்றில் வண்டி சிக்குகிறது. மணலில் ஓட்டிப் பழகிய மாமாவுக்குக் கரிசல் பிடிபடவில்லை. அஃப்ரின் ஸ்டீயரிங்கை வாங்கி— (சினிமா. அவளும் கரிசலில் ஓட்டியவள் இல்லை.)

முடிவு ஆ: சண்டை போட்டுவிட்டுத் தன் சம்பளத்தில் ஒரு சின்னக் கார் வாங்கிக்கொள்கிறாள். எனக்கு இதுதான் பிடித்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. "காருதான் வேணும்னா எப்பவோ வாங்கியிருப்பேன்டி. நான் ஓட்டணும், அவரு பக்கத்துல உக்காந்து ஊரப் பாத்துக்கிட்டு வரணும்."

முடிவு இ:

6

எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வண்டி மறுபடி வருகிறது. அதற்கு முன்னால் அஃப்ரின் இதை அவள் அத்தாவின் போனுக்கு அனுப்பிவிடுவாள். ஆகவே மற்ற வாசகர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இனி நான் பேசுவது ஒரே ஒருவரிடம்.

மாமா, மூன்றாம் பகுதியில் ஒன்றை எழுதாமல் விட்டேன். சாவியோடு டீக்கடையிலிருந்து வந்த நீங்கள் நேராகப் போய்த் திறந்தது இடப்பக்கக் கதவை. சவூதியில் ஸ்டீயரிங் அந்தப் பக்கம். அத்தனை வருடப் பழக்கம். அஃப்ரின் அப்போது வலப்பக்கக் கதவருகே நின்றிருந்தாள். உள்ளே ஸ்டீயரிங்கைக் காணாமல் நீங்கள் சிரித்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவளை நகரச் சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமையும் அரியலூர் வரை நீங்களே ஓட்டுங்கள். டீ குடியுங்கள். பிறகு பழக்க தோஷத்தில் அந்த இடப்பக்கக் கதவையே திறப்பீர்கள். திறந்த பிறகு, இந்த முறை சுற்றிக்கொண்டு போகாமல்—