நட்சத்திரக்குறி

வேனுக்குள் உட்கார்ந்து அந்தக் கல்லூரியின் பளபளப்பான விளம்பரப் புத்தகத்தின் கடைசி அட்டை வரை வந்துவிட்டார் வீரமலை. படித்து முடித்தவர்களுக்குக் கிடைக்கும் வருஷச் சம்பளமாம், முன் அட்டையில் 'சராசரி பேக்கேஜ் 9 லட்சம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒன்பது லட்சத்தின் தலைமாட்டில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக்குறி. அப்படியானால் வேறெங்கோ ஒரு மூலையில் அதே குறியைப் போட்டு, பொடி எழுத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அச்சகத்தின் முகவரி வரைக்கும் தேடினார். நட்சத்திரம் மட்டும்தான் இருந்தது, விளக்கத்தைக் காணோம்.

இன்னொருவராக இருந்தால் கவனித்தே இருக்க மாட்டார். வீரமலைக்கு இது தொழில். ஸ்ரீரங்கம் ரயில் நிலைய வாசலில் ஆள் ஏற்றி, கும்பகோணம் பக்கத்து நவக்கிரகக் கோயில்களைச் சுற்றிக் காட்டி, இரவுக்குள் கொண்டுவந்து இறக்குகிற வேன் அவருடையது. பின் கண்ணாடியில் 'நவக்கிரக பேக்கேஜ், ஒருவருக்கு ரூ. 999' என்று ஸ்டிக்கர். அதன் தலைமாட்டிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. விளக்கம் பம்பருக்குப் பக்கத்தில், குனிகிறவர்களுக்கு மட்டும்: டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா, சாப்பாடு தனி. ஸ்டிக்கர் அடித்த அன்று மகள் கலைமதி நட்சத்திரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே என்றாள். "பெருசாப் போட்டா எவன் வண்டியில ஏறுவான்?" என்று அதட்டியவர் இவர்தான். பம்பரோரம் சேறு படிந்தால் அதைத் துடைப்பதில் அவருக்கு அப்படியொன்றும் அவசரம் இருந்ததில்லை. ஆகவே யார் பேக்கேஜ் என்று சொன்னாலும் வீரமலை முதலில் நட்சத்திரத்தைத்தான் தேடுவார்.

இப்போது தேட வைத்தவள் கலைமதியேதான். பி.காம். முடித்துத் தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பதினாலாயிரம் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். சென்னைக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எல்லாம் சேர்த்துப் பதினாறு லட்சம். அதில் பதினாலை வங்கி கடனாகத் தரும், வீரமலை தன் எடமலைப்பட்டி புதூர் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும். ராத்திரி பகல் பாராமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கட்டிய வீடு அது. தவணை தவறினால் அவரும் மனைவி அனுசுயாவும் இந்த வயதில் வாடகைக்கு வீடு தேடி அலைய வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பத்திரத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் கல்லூரிக்காரர்கள் பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். போனதும் காபி, பிஸ்கட். ஓசிக் காபியைப் பார்த்ததுமே வீரமலை உஷாராகிவிட்டார். அவரும் வண்டி ஏறுகிறவர்களுக்கு முதலில் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற ஆள்தானே. மேடையில் சித்தார்த்தன் என்ற இளைஞன் டை கட்டிக்கொண்டு சரளமாகப் பேசினான். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அவன் கேட்டது அவன் செய்த பிழை.

"சார், இந்த ஒம்போது லட்சத்துக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் இருக்கே, அதுக்கு விளக்கம் எங்க போட்டிருக்கீங்க?"

சித்தார்த்தன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது டிசைன்ல வந்திருக்கும் சார்."

"சரி, இந்த ஒம்போதுல பேட்டா சேர்த்தியா, தனியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தார்த்தனும் சிரித்தான். "இது பேக்கேஜ் சார். எல்லாம் சேர்த்துதான்."

"அதாங்க பயமா இருக்கு. நானும் அப்படித்தான் சொல்லுவேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலைமதி தலையைத் தூக்கவேயில்லை.

சந்தேகம் என்று வந்துவிட்டால் வீரமலைக்கு அது ஓரிடத்தில் நிற்காது. ஒரு வாரமாக மகள் மொட்டைமாடியில் தணிந்த குரலில் போன் பேசுகிறாள். இவர் படியேறினால் பேச்சு நின்றுவிடுகிறது. சென்னையில்தான் படிக்க வேண்டும் என்று இத்தனை பிடிவாதம் எதற்கு? யாரோ ஒருவன் அங்கே காத்திருக்கிறானோ? அனுசுயாவிடம் கேட்டார். "உங்க நிழலையே ரெண்டு தடவ திரும்பிப் பாக்குற ஆளு நீங்க" என்று அவள் சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் முன்னாள் மாணவி ஒருத்தியின் படம் இருந்தது. யமுனா, ஸ்ரீரங்கம், 9 லட்சம். இங்கே மட்டும் நட்சத்திரம் இல்லை. ரயில் நிலைய ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் அப்ராரிடம் படத்தைக் காட்டினார். "நம்ம கண்டக்டர் சார் பொண்ணுண்ணே. அடையவளஞ்சான் தெருவுல வீடு" என்றார் அப்ரார். மதியமே வீரமலை அங்கே போய் நின்றார்.

வண்டி ஏறுகிறவர்களின் பெட்டியைப் பார்த்தே ஆளை எடை போடுகிறவர் அவர். அந்த வீட்டையும் அப்படித்தான் பார்த்தார். பழைய மின்விசிறி, பழைய சோபா, வாசலில் பழைய சைக்கிள். ஒன்பது லட்சம் இந்த வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்று தெரியவில்லை. பணி ஓய்வு பெற்ற கண்டக்டர் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தைரியமா சேருங்க. எம்பொண்ணு வாங்குறதுல பாதிகூட நான் ரிட்டையர் ஆகுறப்ப வாங்கலங்க" என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. யமுனா காதொலிப்பானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தாள். புதன்கிழமை மதியம், பெங்களூர் கம்பெனிக்காரி ஸ்ரீரங்கத்தில். வேலை போய்விட்டது, வெளியில் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று வீரமலை முடிவே கட்டிவிட்டார்.

"வீட்டுலேருந்தே வேலை அங்கிள். மாசத்துக்கு ஒருக்கா ஆபீஸ் போனாப் போதும்" என்றாள் அவள், அவர் கேட்காமலே.

கண்டக்டர் மோர் எடுத்துவர உள்ளே போனார். வீரமலை குரலைத் தாழ்த்தினார். "கைக்கு எவ்வளவும்மா வருது?"

யமுனா உள்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அம்பத்திமூணாயிரம். ஒம்போதுல ரெண்டு லட்சம், கம்பெனி நல்லா ஓடுனா வருஷக் கடைசில தர்றது. எனக்கு இதுவரைக்கும் தரல. பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாமும் அந்த ஒம்போதுக்குள்ளதான். லோனுக்கு மாசம் இருவத்திமூணு போயிடும். பெங்களூர்ல ரூமு, சாப்பாடுன்னு இருந்தா ஒண்ணும் நிக்கல. அதான் இங்க வந்துட்டேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஒம்போதுதான். தெரு பூரா சொல்லி வச்சிருக்காரு, நான் எப்படிச் சொல்றது?"

வீரமலைக்குத் தான் நினைத்தது சரியாகிவிட்டதில் ஒரு நிமிடம் திருப்தியாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம் அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இப்பக் கேட்டா மறுபடியும் இதே படிப்புல சேருவியாம்மா?"

"படிக்கலேன்னா கைல நிக்கிற இந்த முப்பதும் கிடையாதே அங்கிள். ஏழு வருஷம் கட்டிட்டா அப்புறம் எல்லாம் என்னுது. நடுவுல வேலை போகாம இருக்கணும், அவ்ளோதான்." பிறகு லேசாகச் சிரித்தாள். "நீங்க கலைமதி அப்பாதானே? பேட்டா சேர்த்தியான்னு கேட்டீங்களாமே. ஒரு வாரமா மாடியில உக்காந்து இதையெல்லாம் எங்கிட்ட அவளும் கேட்டாச்சு."

மாடியில் பேசியது இவளோடுதான். ஒருவனும் இல்லை. வீரமலைக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, இறங்கிய வேகத்திலேயே வேறொன்று ஏறிக்கொண்டது. அம்பத்திமூணு தெரிந்த பிறகும் கலைமதி வீட்டில் ஒன்பது, ஒன்பது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்டக்டர் மோர் டம்ளரோடு வந்து, "என்ன, பயம் தெளிஞ்சுதா?" என்றார். யமுனா தரையைப் பார்த்தாள். "தெளிஞ்சுதுங்க" என்று சொல்லி வீரமலை மோரைக் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார். "எல்லாம் தெரிஞ்சுகிட்டே ஏன்டி எங்கிட்ட ஒம்போதுன்ன?"

கலைமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, அழவுமில்லை. "நட்சத்திரத்தப் பெருசாப் போட்டா நீங்க வண்டியில ஏறுவீங்களாப்பா?"

அனுசுயா சிரிப்பை அடக்க வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். வீரமலைக்குக் கோபம் வந்தது. பெற்றவனிடமே தொழிலைக் காட்டுகிறாளே என்றிருந்தது. அந்தத் தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று நினைத்ததும் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"எங்க ஆபீஸ்ல கலா அக்கா ஏழு வருஷமா இருக்காங்க. இருவத்திரெண்டாயிரம்" என்றாள் கலைமதி. "எனக்கும் ஏழு வருஷம் எப்படியும் போகத்தான்ப்பா போகுது. வீடு உங்களோடதுன்னு தெரியும். அந்தப் பயம் எனக்கு இல்லன்னு நெனைக்காதீங்க."

அன்று இரவு வீரமலை பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். மகள் பொய் சொல்கிறாளா என்று தேடுவது சுலபமாக இருந்தது. அவள் உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேனிலேயே கிளம்பினார்கள். வங்கி ஸ்ரீரங்கத்தில்தான். கலைமதி முன்சீட்டில், பத்திரம் இருந்த துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வங்கி திறக்க நேரம் இருந்ததால் வீரமலை பழக்கதோஷத்தில் ரயில் நிலைய வாசலில் வண்டியை ஓரங்கட்டினார். சேலத்துக் குடும்பம் ஒன்று பெட்டிகளோடு நின்றிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வண்டியின் பின்பக்கம் போய்ப் படித்துவிட்டு, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"நாளைக்கு நாங்க ஆறு பேருங்க. தலைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது, எல்லாம் சேர்த்துதானே?"

ஆமாங்க, எல்லாம் சேர்த்துதான். எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன பதில், நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பக்கத்தில் கலைமதி மெல்லத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தவிர்க்க வீரமலை தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். பின் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒட்டிய எழுத்து உள்ளேயிருந்து பார்த்தால் திருப்பித்தான் தெரியும். இந்தச் சின்னக் கண்ணாடி அதை மறுபடி திருப்பி நேராகக் காட்டியது. காலை வெயில் பின்னாலிருந்து அடித்ததில் அந்தப் பொடி நட்சத்திரம் கன்னங்கரேலென்று தெரிந்தது.

"என்னங்க டிரைவரே, சேர்த்துதானே?" என்றார் பெரியவர் மறுபடியும்.