டீ வரும் நேரத்துத் தீர்மானம்

பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் அவளுக்கு இருந்த பட்டப்பெயர் ஊமை மேடம். வைத்தவர் குழுத் தலைவரேதான். சமூகவியல் பேராசிரியராக இருந்த காலத்தில், கமிட்டிகள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராய அனுமதி வாங்கிக்கொண்டு, அந்தக் கூட்ட அறையின் மூலை நாற்காலியில் இரண்டு வருடம் வந்து உட்கார்ந்தாள். யார் கத்தினாலும் சரி, யார் கொட்டாவி விட்டாலும் சரி, வாயே திறக்கவில்லை. கள ஆய்வுக்குப் போன இடத்தில் தானும் பேச ஆரம்பித்தால் ஆய்வு கெட்டது என்பது அவள் தொழிலின் பாலபாடம். தலைவருக்கு அதெல்லாம் தெரியாது. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று முடிவு கட்டிவிட்டார். அப்போதிருந்த துணைவேந்தர் எதற்கெடுத்தாலும் சட்டம் பேசித் தலைவரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஓய்வு பெற்ற மறுநாளே துணைவேந்தர் பதவிக்குத் தலைவர் சொன்னது இவள் பெயரைத்தான்.

ஆராய்ச்சி புத்தகமாக வந்தபோது குழுவில் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தாள். ஒருவரும் அட்டையைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அவளுக்குப் பதவி கிடைத்திருக்காது. வில்லங்கமான விஷயம் எதுவும் அந்த அறையில் விவாதத்துக்கு வருவதில்லை, டீயோடு சேர்ந்துதான் வருகிறது என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாள். கதவு திறக்கும், கோப்பைகள் கைமாறும், சர்க்கரை போட்டதா போடாததா என்று பெரிய விசாரணை நடக்கும். அந்தச் சந்தடியில் தலைவர் ஒரு வரியை வாசித்து, ஆட்சேபணை இல்லையே என்று கேட்பார். வாய் நிறைய பிஸ்கட்டை வைத்திருக்கிறவர் எப்படி ஆட்சேபிப்பார்?

இப்போது வரப்போகிற வரி, 'மாலை நேரக் கட்டடப் பயன்பாட்டைச் சீரமைத்தல்.' பச்சையாகச் சொன்னால், மாலைக் கல்லூரியை இழுத்து மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தைத் தலைவருக்கு வேண்டப்பட்ட கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது. பகலெல்லாம் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நின்றுவிட்டு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து படிக்கிறவர்களின் கல்லூரி அது. துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு அவளும் அங்கேதான் பட்டம் வாங்கினாள். கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலைத் தடவிக்கொண்டே முதல் சமூகவியல் பாடத்தைக் கேட்டவள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் அவள் அறைக்கே வந்து நைச்சியமாகப் பேசினார். அவளுடைய பதவி நீட்டிப்பு தன் கையில்தான் இருக்கிறது என்பதைப் போகிற போக்கில் ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். தீர்மானத்தை எதிர்க்கப்போவதாக அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். அச்சகம் நடத்தும் கணவர் கையிலிருந்த மையைத் துடைத்தபடி கேட்டார்.

"காரு போயிடும். பங்களா போயிடும். பரவாயில்லையா?"

"எனக்குப் பரவாயில்ல. உங்களுக்கு?"

"எனக்கென்ன? இந்த பங்களாவுல தண்ணி குடிக்க சமையலறைக்கு நடந்து போறதுக்குள்ள தாகமே போயிடுது."

மறுநாள் கூட்டத்துக்குப் போகும்போதே, தான் கதவைத் திறந்து கூப்பிடுகிறவரை உள்ளே வர வேண்டாம் என்று கேன்டீன்காரரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. தலைவர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். பதிவாளர் படித்த பக்கத்தையே திரும்பப் படித்தார்.

"டீ என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

"மாலைக் கல்லூரி விஷயம் முடிஞ்சதும் வரும்." எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "கட்டடத்தைச் சீரமைக்கிறதுன்னு எழுதியிருக்கு. கல்லூரியை மூடறதுன்னு அர்த்தம். மூடணும்னு நினைக்கிறவங்க ஒவ்வொருத்தரா, ஏன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. பதிவாளர் பேரு போட்டு எழுதிக்குவார்."

குழுவில் உறுப்பினராக இருந்த பொறியாளர், கூரை ரிப்பேர் என்று நினைத்துத் தலையாட்டவிருந்ததாக ஒப்புக்கொண்டார். டாக்டர் தன் ஆஸ்பத்திரி நர்சுகளில் பாதிப் பேர் அங்கேதான் படிக்கிறார்கள் என்றும், இதற்குச் சம்மதித்துவிட்டு வார்டுக்குள் கால் வைக்க முடியாது என்றும் சொன்னார். தலைவர் முன்கூட்டியே பேசி வைத்திருந்த வக்கீல் வாயைத் திறந்தார், பதிவாளரின் பேனாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார். மூடலாம் என்று கடைசிவரை சொன்னது தலைவர் ஒருவர்தான். ஏன் என்பதற்கு வாடகையைத் தவிர அவரிடம் வேறு வார்த்தை இல்லை. தீர்மானம் தோற்றது.

தலைவரின் முகம் சிவந்துபோயிருந்தது. "உங்களுக்கு நீட்டிப்பு கிடையாது மேடம். இப்படிப் பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா இந்த நாற்காலியிலேயே உங்களை உட்கார வெச்சிருக்க மாட்டேன்."

"தெரியும். தாராளமா எடுத்துக்குங்க. அந்த மூலை நாற்காலியை மட்டும் தூக்கிடாதீங்க. பழையபடி பேராசிரியரா அங்க வந்து உட்காருவேன். இந்தத் தடவை புத்தகம் வந்தா நீங்க கட்டாயம் படிப்பீங்க."

எழுந்து போய்க் கதவைத் திறந்து டீயைக் கொண்டுவரச் சொன்னாள். கோப்பைகள் கைமாறின. சர்க்கரை போட்டதா போடாததா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.