முழங்கை ஈரம்

சாப்பாட்டு மணி அடித்ததும் தங்கராசு குழாயடிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு துடைக்காமல், நீர் முழங்கை வழியாகச் சொட்டும்படி இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்னய்யா, தயிர்சாதத்தைச் சாப்பிடப் போறியா, அதுக்கு ஆப்பரேஷன் பண்ணப் போறியா?" என்றார் ஹெட்கிளார்க் சிவப்பிரகாசம்.

மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கராசும் சிரித்தபடி கையை இறக்கி, கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்தான்.

தொழிலாளர்களின் வருகைக் கணக்கு எழுதுகிற இந்த டைம் ஆபீசுக்கு அவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் நெய்வேலி கம்பெனி ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிற டிரெஸ்ஸர். ஆள் வராத நாட்களில் மலச்சட்டியும் எடுத்துக் கழுவியிருக்கிறான். சாயங்காலங்களில் மந்தாரக்குப்பம் போய் டைப்ரைட்டிங் படித்துப் பாஸ் செய்துதான் இந்த நாற்காலியைப் பிடித்தான். "முன்னே எங்கே இருந்தே?" என்று முதல் நாளே கேட்ட சிவப்பிரகாசத்திடம், "ஆஸ்பத்திரி ஸ்டோர்ல சார்" என்று சொல்லிவிட்டான். ஏன் அப்படிச் சொன்னான் என்பது அவனுக்குத் தெரியும். இங்கே ஒருவர் பொரியலை மற்றவர் தட்டில் கையாலேயே அள்ளி வைப்பார்கள். அவன் மனைவி கனகம் வைத்த கத்திரிக்காய்க் குழம்பு தினமும் ஒரு சுற்றுப் போய்க் காலியாகித் திரும்பும். சீழும் மலமும் அள்ளிய கை என்று தெரிந்தால் அந்தப் பாத்திரம் அவன் முன்னாலேயே நின்றுபோகும்.

அன்று குழம்பு பாதிச் சுற்றில் இருந்தபோது ஜன்னலில் கலியம்மாளின் முகம் தெரிந்தது. அவள் புருஷன் பெரியண்ணன் காண்ட்ராக்ட் கூலி. கொதிநீர் பட்டுத் தொடை முதல் பாதம் வரை தோல் வழன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வேலை மாறும்வரை அவருக்குக் கட்டு மாற்றியவன் தங்கராசுதான். ஒட்டிக்கொண்ட துணியை வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே, எடுத்ததே தெரியாமல் எடுப்பான்.

"தம்பி, இங்கதான் இருக்கியா! உங்கண்ணன் வேற யாரையும் கட்டுல கை வைக்க வுடமாட்டேங்குதுப்பா. உம் பேரச் சொல்லி அழுதுகினே இருக்குது. ஒரே ஒருக்கா வந்து கட்ட எடுத்துவுட்டுட்டு வந்துடுப்பா."

மேஜையில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"யாரைம்மா தேடறே?" என்றான் தங்கராசு. "ஆள் மாறி வந்துட்டே."

கலியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் திறந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஆமாங்க சார். அந்தப் புள்ள இன்னும் கொஞ்சம் கறுப்பு. தப்பா நெனச்சிக்காதீங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

பொய்யை அவன் பாதிதான் சொல்லியிருந்தான். மீதியை அவள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

குழம்புப் பாத்திரம் காலியாகி அவனிடம் வந்து சேர்ந்தது. "உன் சம்சாரத்துக்கு நல்ல கைமணம்யா" என்றார் சிவப்பிரகாசம். தங்கராசு மீதிச் சோற்றை அப்படியே மூடி வைத்தான்.

ஆபீஸ் விட்டதும் கம்பெனி பஸ்ஸில் ஏறியவன், குவார்ட்டர்ஸ் நிறுத்தத்தில் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வரை போனான். வார்டு வாசலில் நின்றபோது உள்ளே கலியம்மாளின் குரல் கேட்டது. கட்டிலோரம் குந்தி, வெந்நீரில் பஞ்சை நனைத்துக் கட்டின்மேல் சொட்டுச் சொட்டாகப் பிழிந்துகொண்டிருந்தாள். பெரியண்ணன் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"தங்கராசு தம்பி ஊருக்குப் போயிருக்குதாம்யா. இருந்தா வராம இருக்குமா? பல்லக் கடிச்சிகினு இரு, நானே எடுத்துடறேன்."

தங்கராசு வாசல் குழாய்க்குத் திரும்பிப் போய் முழங்கை வரை கழுவினான். கைகளைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். கலியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று எழுந்து, சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"யாரும்மே அது?" என்றார் பெரியண்ணன், கண்ணைத் திறக்காமலே.

அவள் வெந்நீர்க் கிண்ணத்தை ஏந்தியபடி தங்கராசைப் பார்த்தாள். அவன் முழங்கையிலிருந்து நீர் வார்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.