முதுகு வழியாக வேண்டாம்

பட்டுப்புழு வளர்க்கும் மனைக்குள் போகுமுன் கால் நனைக்க, வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு இருக்கும். தெரசா அதில் இரண்டு காலையும் வைத்துவிட்டுக் கணவரைக் கேட்டாள்: "ஏங்க, தட்டுல தண்ணி ஊத்தலியா?"

முனிராஜ் எட்டிப் பார்த்தார். கணுக்கால் வரை தண்ணீர் நின்றது.

அதற்கு முன் நான்கு மாதமாக இடுப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போனால் இடுப்பு டிஸ்க் என்று அவர்கள் ஊரான இண்டூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பெல்ட் வாங்கிக் கட்டினாள். இவர்களாகவே போய் இடுப்புக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

தட்டில் தண்ணீர் இருந்தது தெரியாமல் போன மறுநாளே தர்மபுரிக்குப் போனார்கள். முதுகெலும்பு மருத்துவர் அறிவழகன் அந்த ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, சாவி முனையால் அவள் உள்ளங்காலைக் கீறினார். கீழே மடங்க வேண்டிய பெருவிரல் மேல்நோக்கி எழும்பியது.

"இடுப்பு இல்லீங்கம்மா. இன்னும் மேல."

நெஞ்சுப் பகுதிக்கு எடுத்த புதிய ஸ்கேனில் தெரிந்தது. ஒரு டிஸ்க் பிதுங்கி, சுண்ணாம்புபோல் இறுகி, தண்டுவடத்தை முன்பக்கமிருந்து அழுத்திக்கொண்டிருந்தது.

"புழு நாலாவது தோல் உரிச்சிருக்குதுங்க சார். ஒரு வாரம் தழை போட்டா கூடு கட்டிரும். அப்புறம் வரட்டுங்களா?" என்றார் முனிராஜ்.

"புழு ஒரு வாரம் பட்டினி கெடக்காதுன்னு உங்களுக்குத் தெரியுது. காலும் அப்படித்தாங்க."

"அப்ப ஆபரேஷனை இங்கயே பண்ணிடுங்க. காலைல தழை போட்டுட்டு நான் வந்துருவேன்."

மருத்துவர் தலையசைத்து மறுத்தார். "முதுகு வழியாப் போறது எனக்குச் சுலபங்க. இடுப்புல நிறைய பண்ணியிருக்கேன். ஆனா இந்த டிஸ்க் தண்டுவடத்துக்கு முன்னால இருக்குது. பின்னாலருந்து போனா தண்டுவடத்தை ஒதுக்கித்தான் எடுக்கணும். அது தாங்காது, கால் மொத்தமாப் போயிரும். விலா எலும்புல கொஞ்சம் எடுத்துட்டு, பக்கவாட்டுல போகணும். எனக்கு அதுல பழக்கமில்லைங்க. சேலத்துல பழகினவரு இருக்காரு. இன்னைக்கே போங்க." கடிதம் எழுதிக் கொடுத்து, அவர்கள் எதிரிலேயே சேலத்துக்குப் போன் போட்டார்.

பேருந்து நிலையத்தில் முனிராஜ் முனகினார். "தெரியாத டாக்டர்கிட்ட வந்து ஒரு நாளு போச்சு."

"தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாரு. நீங்க என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள் தெரசா. "பஸ்ஸைப் பாருங்க."

முனிராஜின் தங்கை லூர்துமேரி வந்து புழுக்களைப் பார்த்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முந்தின மாலை போன் செய்தாள்: "அண்ணி, புழுவெல்லாம் உங்களைத்தான் கேக்குதுங்க. எங்கண்ணனை ஒண்ணுகூட கேக்கல." தெரசா சிரித்தாள். போனை வைத்த பிறகு அழுதாள்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. விலா எலும்புகளை எக்ஸ்ரேயில் இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்த பிறகே கத்தி வைத்ததாகச் செவிலியர் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் வலது கால் விரல்கள் அசைந்தன. இடது கால் கிடந்தபடி கிடந்தது. முனிராஜ் அந்தக் கட்டிலைவிட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் காலை இடது பெருவிரல் லேசாக மடங்கியது. அவர் மற்ற நோயாளிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஏழாவது வாரம் இருவரும் அறிவழகன் கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் தெரசா வாக்கரைச் சுவரோரம் விட்டுவிட்டு, ஜன்னல் வரை மெதுவாக நடந்து திரும்பினாள்.

"நல்லாப் பண்ணியிருக்காங்க," என்றார் அறிவழகன். "நான் ஒண்ணும் பண்ணலீங்களே. இவ்ளோ தூரம் எதுக்கு வந்தீங்க?"

முனிராஜ் எழுந்து நின்றார். "நீங்க பண்ணாததுக்குத்தாங்க வந்தோம்."

மருத்துவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியடிக்க மறந்துபோனார்.