மகேசன் மாற்றி வாசித்த தாள்

அந்த வீட்டுக்கு இங்கிலீசில் எந்தத் தாள் வந்தாலும் வாசிக்கிறது மகேசன்தான். கரண்ட் பில்லும் சரி, வாடகைக் கடிதமும் சரி, விசா அலுவலகத்தின் நீளக் கவரும் சரி, முதலில் அவன் கைக்குத்தான் வரும். அவனுக்குப் பதினைந்து வயது. அப்பா தியாகலிங்கம் மங்கரே விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். கொழும்பில் பேட்டைக் கடையில் நின்ற காலத்துச் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீசை வாயால் சமாளிப்பார், எழுத்தென்றால் "தம்பி, இஞ்சை வா" என்று கூப்பிடுவார். அம்மா குணவதிக்கு அதுவும் இல்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ஏவன்டேல் வீட்டுக் குசினி மேசையில் அப்பா ஒரு தாளை விரித்தார். கொட்டகைப் போர்மன் கொடுத்துவிட்டதாம். எல்லாரும் கையெழுத்து வைக்கிறார்களாம், வீட்டில் பிள்ளைகளும் வைக்கலாமாம். அந்தப் போர்மன்தான் சனிக்கிழமை ஓவர்டைம் யாருக்கென்று சொல்லுகிறவர்.

"என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காச் சொல்லு ராசா" என்றார்.

மகேசன் முதல் வரியை இரண்டு தரம் வாசித்தான். ஆணும் ஆணும் சேர்ந்திருந்தால் ஜெயில் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதை எடுத்துவிடப் பார்லிமெண்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எடுக்கக் கூடாது, சட்டம் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்கிற தாள் இது. டிவியில் நாள் தவறாமல் இந்தக் கதைதான். பள்ளிக்கூடத்தில் பந்தைத் தவறவிட்டவனுக்குக்கூட 'அப்படிப்பட்டவன்' என்கிற பட்டம்தான் வைத்தார்கள்.

மகேசனுக்கு அது வெறும் பட்டம் இல்லை. ரயிலில் அவனோடு வருகிற பீஜிப் பெடியன் ஜக்தீஷ் பக்கத்தில் வந்து இருந்தால் இவன் நெஞ்சு அடிக்கிற அடி வேறு. மற்றப் பெடியன்கள் பெட்டைகளைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் இவனுக்கு ஜக்தீஷைப் பற்றி இருந்தது. இது என்ன? எல்லாருக்கும் வருகிறதா? வந்து போய்விடுமா? கேட்க ஆள் இல்லை. ஜக்தீஷ் ஒரு நாள் தோளில் கைபோட்டதற்கே மகேசன் இரண்டு நாள் ரயிலில் வேறு பெட்டியில் ஏறிப் போனான்.

அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காவிட்டால் விசா போகும், பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தால் விசா போகும் என்றுதான் அப்பா அவனை இந்த நாட்டில் வளர்த்தார். மகேசன் அந்தக் கணக்கை இன்னும் நீட்டினான். சட்டம் என்றால் பொலிஸ். பொலிஸ் என்றால் விசா. விசா போனால் அப்பா, அம்மா, தான், மூன்று பேரும் திரும்பவும் கொழும்பு. நெஞ்சு அடித்ததற்கெல்லாம் எந்தச் சட்டத்திலும் ஜெயில் இல்லையென்று சொல்ல அவனுக்கு ஒருத்தரும் இருக்கவில்லை.

தாளில் இருந்த அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லுவது என்றும் அவனுக்குத் தெரியாது. சொன்னால் தன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று மட்டும் தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க வேணுமாம் அப்பா" என்றான்.

அப்பாவுக்குச் சந்தோசம். சனிக்கிழமை ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, மனிதன் எப்போது சாமான் வாங்குகிறது என்று ஒன்றரை வருசமாகப் புறுபுறுக்கிறவர் அவர். ஆசையோடு கையெழுத்து வைத்தார். அம்மாவும் தமிழில் வைத்தாள். பிறகு அப்பா பேனையை அவனிடம் நீட்டினார். மகேசன் தன் கையாலேயே தன் பெயரை அந்தத் தாளில் எழுதினான்.

புதன்கிழமை அந்தப் பொய் இன்னும் பெருத்தது. கொட்டகையில் கூட வேலை செய்கிற தவராசாவும் சோதிலிங்கமும் அப்பா சொன்னதை நம்பி வைத்துவிட்டார்களாம். அதைவிடப் பெரிய இடியை அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே போட்டார். வெள்ளிக்கிழமை பூசைக்கு ரானுயிக்குப் போகும்போது தாளையும் கொண்டு போவாராம். அங்கே எல்லாருடைய கையெழுத்தையும் வாங்கலாமாம்.

ரானுயியில் இருக்கிறது அம்மாவின் அண்ணன் இராசரத்தினம். பூசை அவர் வீட்டில்தான், தெரிந்த தமிழ்க் குடும்பங்களெல்லாம் வரும். இஞ்சினியர். இவர்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். இங்கிலீசில் எதைக் கண்டாலும் உரத்து வாசிக்கிற பழக்கம் அவருக்கு. சாமிப் படத்துக்கு முன்னால், அத்தனை குடும்பமும் இருக்க, அவர் அதை உரத்து வாசிப்பார். பிறகு எல்லாரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு மகேசனிடம் பொய் இருக்கவில்லை.

தாளைக் கிழிக்க நினைத்தான். அப்பா இன்னொன்று வாங்கி வருவார். காய்ச்சல் என்று படுக்கப் பார்த்தான். அவன் படுத்தாலும் தாள் போகும்.

வெள்ளிக்கிழமை மழை. அப்பா கார் ஓட்ட, அம்மா பக்கத்தில். பின்சீட்டில் மகேசன், மடியில் துவாயால் சுற்றின கடலைச் சட்டி. சட்டிச் சூடு தொடையில் ஏறியது. ரானுயி ரயில் கேட்டில் மணி அடித்து, தடி இறங்கியது. கார் நின்றது. கேட்டைத் தாண்டினால் மாமா வீடு மூன்று நிமிசம்.

"அப்பா, அது கடை திறக்கிற விசயம் இல்லை."

"எது?"

"அந்தத் தாள்." மணிச் சத்தத்துக்குள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். ஆண்கள், சட்டம், ஜெயில். அப்பா கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"அப்ப ஏனடா பொய் சொன்னனி?"

அம்மாதான் திரும்பினாள்.

"உனக்கு அதில என்ன பயம், ராசா?"

"நானும் அப்பிடியோ எண்டு..." என்றான். "தெரியேல்லை அம்மா. எனக்கே தெரியேல்லை."

ரயில் வந்து போனது. தடி எழும்பியது. அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான், பிறகு சுற்றிக்கொண்டு போனான். அந்த முதுகு திரும்பும் என்று மகேசன் காத்திருந்தான். அடி விழும், இல்லாவிட்டால் இறங்கிப் போ என்பார்.

"எங்களைத் திருப்பி அனுப்புவாங்களோ அப்பா?" என்று கேட்டான். "என்னாலயோ?"

அப்பாவின் தோள் இறங்கிப் போனது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தபோது, பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் ஒன்றரை நாள் இவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த கை அது. இப்போது ஸ்டியரிங்கில் கிடந்தது.

"அண்டைக்கும் பேர் எழுதின தாளோடதான் வந்தவங்கள்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "வீடு வீடாப் பாத்துப் பாத்து."

காரைக் கேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஓரத்தில் நிறுத்தினார். குணவதியின் பையிலிருந்து தாளை வாங்கி, ஸ்டியரிங்கில் வைத்து, தன் பெயரை வெட்டினார், அவள் பெயரை வெட்டினார். மகேசனின் பெயரைப் பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு வெட்டினார்.

"மற்ற ரெண்டு பேர்?" என்றாள் அம்மா.

"திங்கட்கிழமை சொல்லுறன், என்ன தாளெண்டு. வைக்கிறதும் விடுறதும் அவையின்ர பாடு."

"போர்மன்?"

"ஓவர்டைம் தராட்டி விடட்டும்."

மகேசனின் பயம் போகவில்லை. திங்கட்கிழமை ரயிலில் ஜக்தீஷ் இருப்பான், பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டமும் இருக்கும். மாமா வீட்டு வாசலில் ஏன் சுணக்கம் என்று கேட்பார்கள். அம்மா கையைப் பின்னால் நீட்டி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஓர் இடத்தில் மட்டும் பயம் குறைந்திருந்தது.

அப்பா கண்ணாடியில் பார்க்காமல், சீட்டில் முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு இது விளங்கேல்லை. விளங்க நாள் செல்லும். உனக்கும் செல்லும், அவசரமில்லை. விசாவுக்கு ஒண்டும் வராது, அந்தக் கதையால உன்னை வெருட்டினது என்ர பிழை. ஒண்டு மட்டும் கேள். பெத்த தாய் தேப்பனுக்குப் பயந்து ஒரு பிள்ளை பொய் சொல்லுறான் எண்டால், முதல்ல திருந்த வேண்டியது அந்தப் பிள்ளை இல்லை. தாய் தேப்பன்தான்."

பிறகு காரைக் கிளப்பினார். "சட்டியைச் சரிச்சுப் போடாத" என்றார்.